ஒப்பந்தம் முடியப்போகும் நட்சத்திரத்துக்கு இவ்வளவு விலையா? என்பிஏ ட்ரேடுகளின் கணக்கு

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில், அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான (இதைத்தான் ட்ரேட் என்கிறார்கள்) கடைசி நாள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வரும். அந்த வாரத்தில் இரண்டு பேச்சுகள் தவறாமல் காதில் விழும். "நாலு மாசத்துல கான்ட்ராக்ட் முடியப்போற ஆளுக்கா இவ்வளவு கொடுத்தாங்க?" என்பது ஒன்று. "நாலு வருஷம் கையில இருக்கு, இனிமே கவலையே இல்ல" என்பது இன்னொன்று. ஒப்பந்தம் குறுகியதென்றால் ஆபத்து, நீண்டதென்றால் பத்திரம் என்பதுதான் இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. ஒரே ஒரு வருஷத்துக்கு வந்து கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர் இருக்கிறார். ஐந்து வருஷ ஒப்பந்தத்தோடு வந்து, அணி அவரை அனுப்பிய பிறகும் சம்பளப் பட்டியலிலிருந்து இறங்காதவரும் இருக்கிறார். கூடைப்பந்தை அதிகம் பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி இந்தக் கணக்கை அடியிலிருந்து பார்க்கலாம்.

ட்ரேடில் கைமாறுவது எது?

கடைவீதியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடையை நீங்கள் எடுத்து நடத்த நினைக்கிறீர்கள். கட்டடம் வேறொருவருடையது. இப்போது கடை நடத்துபவர் ஒரு வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறார். அவருக்கு ஒரு தொகை கொடுத்தால், மீதமுள்ள ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு வரும். அதே வாடகை, அதே கெடு. ஒப்பந்தத்தில் எட்டு மாதம்தான் மீதம் என்றால், அப்புறம் கட்டடக்காரர் என்ன சொல்வார் என்பது தெரியாது. எட்டு வருஷம் மீதம் என்றால் நிம்மதிதான். ஆனால் மூன்றாம் வருஷம் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டால்? ஆள் நடமாட்டமில்லாத தெருவில் மீதி ஐந்து வருஷமும் அதே வாடகையைக் கட்டியாக வேண்டும்.

என்பிஏ ட்ரேடும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு வீரரை இன்னொரு அணிக்கு அனுப்பும்போது அவருடைய ஒப்பந்தம் அப்படியே போகிறது. சம்பளமும் மாறாது, மீதமுள்ள ஆண்டுகளும் மாறாது. ஐரோப்பியக் கால்பந்தைப் பார்ப்பவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். அங்கே வாங்கும் அணி பழைய அணிக்குப் பணம் கட்டிவிட்டு, வீரரோடு புது ஒப்பந்தம் பேசும். இங்கே அணிகளுக்கிடையே கைமாறுவது பெரும்பாலும் பணமல்ல. மற்ற வீரர்களும் டிராஃப்ட் தேர்வுகளும்தான். டிராஃப்ட் என்பது புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் வருடாந்திர நிகழ்வு. அந்த வரிசையில் தனக்குரிய இடத்தை ஒரு அணி இன்னொரு அணிக்குக் கொடுக்கலாம். பல வருஷம் கழித்து வரப்போகும் இடத்தைக்கூட இன்றே கொடுத்துவிடலாம்.

என்பிஏ நட்சத்திரங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முழு உத்தரவாதம் கொண்டவை. முழங்கால் போனாலும், ஆட்டம் மங்கினாலும், எழுதிய தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சும்மா காத்திருக்கலாமே?

நியாயமான கேள்விதான். ஒருவருடைய ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது என்றால் பிப்ரவரியில் எதற்கு இருப்பதை எல்லாம் அள்ளிக் கொடுக்க வேண்டும்? ஜூலையில் அவர் சுதந்திர வீரர் ஆகிவிடுவாரே. எந்த அணியின் ஒப்பந்தத்திலும் இல்லாமல், யாரோடு வேண்டுமானாலும் கையெழுத்திடக் கூடிய நிலைக்குத்தான் அந்தப் பெயர். அப்போது சும்மா கூப்பிட்டுக்கொள்ளலாமே?

தடையாக நிற்பது சம்பள வரம்பு. ஓர் அணி தன் எல்லா வீரர்களுக்குமாகச் செலவிடும் தொகைக்கு லீக் ஒவ்வொரு ஆண்டும் ஓர் அளவு வைக்கிறது. 2025-26 பருவத்துக்கு அது சுமார் 15.46 கோடி டாலர். பத்து வருஷ அனுபவம் தாண்டிய ஒரு நட்சத்திரம் அதில் 35 சதவீதம் வரை கேட்கலாம். நல்ல அணி ஒன்றின் சம்பளப் பட்டியல் ஏற்கனவே வரம்பைத் தாண்டித்தான் இருக்கும். ஆகவே வெளியிலிருந்து வரும் சுதந்திர வீரருக்கு அவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க அதற்கு வழியே கிடையாது.

ஆனால் இந்த வரம்பு கெட்டியான சுவர் அல்ல, அதில் சில கதவுகள் உண்டு. அவற்றில் பெரிய கதவுக்குப் பாஸ்டன் செல்டிக்ஸ் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயர். தன்னிடம் ஏற்கனவே இருக்கும் வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்ய, ஓர் அணி வரம்பைத் தாண்டியும் செலவழிக்கலாம். இதுதான் பேர்ட் உரிமை. வீரர் சுதந்திர வீரராக அணி மாறாமல் மூன்று பருவங்கள் ஆடியிருந்தால் இது முழுமையாகக் கிடைக்கும். அதோடு, மற்ற அணிகள் நான்கு வருஷ ஒப்பந்தம்தான் தர முடியும் என்றால், இந்த உரிமை உள்ள அணி ஐந்து வருஷம் தரலாம். ஆண்டுதோறும் கொஞ்சம் அதிகமாகவே சம்பளத்தை உயர்த்தியும் தரலாம்.

முக்கியமான இடம் இதுதான்: ட்ரேட் ஆனால் பேர்ட் உரிமை அறுபடுவதில்லை. வீரரோடு சேர்ந்து புது அணிக்குப் போய்விடும்.

அதனால் நான்கு மாத ஒப்பந்தத்தோடு ஒரு நட்சத்திரத்தை வாங்கும் அணி, அந்த நான்கு மாத ஆட்டத்தை மட்டும் வாங்கவில்லை. ஜூலையில் அவரோடு பேச உட்காரும்போது, வேறு யாராலும் தர முடியாத தொகையைத் தரும் தகுதியையும் சேர்த்து வாங்குகிறது. காத்திருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது.

சுருக்கமாக: ட்ரேடில் ஒப்பந்தம் அப்படியே கைமாறுகிறது. அது முடிந்த பிறகு அதே வீரருக்கு வரம்பைத் தாண்டிச் சம்பளம் தரும் உரிமையும் கூடவே வருகிறது. இனி உண்மைக் கதைகளுக்குப் போகலாம்.

டொராண்டோவின் ஒரு வருஷம்

2018 ஜூலையில் டொராண்டோ ராப்டர்ஸ் செய்த ட்ரேடைப் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. அந்த ஆண்டு 59 ஆட்டங்களை வென்ற அணி அது. ஆனால் பிளேஆஃபில், அதாவது ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை ஆடி முதலில் நான்கை வெல்பவர் முன்னேறும் கோப்பைச் சுற்றில், லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்ட் அணியிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. பிறகு லெப்ரான் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குப் போய்விட்டார். டொராண்டோ இருக்கும் கிழக்குப் பிரிவில் வழி திறந்தது. அந்த நேரத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் கவாய் லெனர்ட் வெளியேற விரும்பினார். 2014 இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் அவர். காயத்தால் 2017-18இல் ஒன்பது ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார். ஒப்பந்தத்தில் உறுதியாக இருந்தது ஒரே ஒரு வருஷம். அவருக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம்தான் கண் என்பது ஊரறிந்த செய்தி.

டொராண்டோ என்ன கொடுத்தது? அணியில் ஒன்பது பருவங்கள் ஆடி, ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்த டெமார் டிரோசன், இளம் உயர வீரர் யாக்கோப் போல்ட்ல், ஒரு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு. வந்தவர்கள் லெனர்டும் டேனி கிரீனும். டிரோசன் தன் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார். ரசிகர்களில் பாதிப் பேர் கொதித்தார்கள்.

அடுத்து நடந்தது தெரிந்ததுதான். 2019 மே மாதம் பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. ஜூனில் கோல்டன் ஸ்டேட்டை நான்குக்கு இரண்டு என்று வென்று, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி முதல்முறையாக என்பிஏ கோப்பையைத் தூக்கியது. ஜூலையில் லெனர்ட் லாஸ் ஏஞ்சலிஸின் இன்னொரு அணியான கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். டொராண்டோவுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை.

கோப்பை வந்ததால் ட்ரேட் சரி என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அரைகுறை விளக்கமாகத்தான் தெரிகிறது. அந்தப் பந்து நான்காம் முறை வெளியே குதித்திருந்தாலும் இது மோசமான பேரம் ஆகியிருக்காது. டிரோசனின் ஒப்பந்தத்தில் இன்னும் பெரிய தொகைகள் மீதமிருந்தன. அதைக் கொடுத்து, ஒரு வருஷத்தில் முடியக் கூடியதை டொராண்டோ வாங்கியது. லெனர்ட் தங்கினால் லாபம். போனால் சம்பளப் பட்டியல் காலி. தோற்றால்கூட கடன் மிஞ்சாத மாதிரி கட்டப்பட்ட பந்தயம் அது. அவர் போன அடுத்த பருவத்திலும் டொராண்டோ 53 ஆட்டங்களை வென்றது.

குறுகிய ஒப்பந்தத்தின் நல்ல குணம் இது. ஆள் தங்காவிட்டாலும் பாரம் தங்காது.

உரிமை இருந்தும் ஆள் நிற்காவிட்டால்

பேர்ட் உரிமை அதிகப் பணம் தர அனுமதிக்கிறது, அவ்வளவுதான். வீரரைக் கட்டிப்போடும் கயிறு அது கிடையாது. 2012இல் டுவைட் ஹோவர்டை ஒரு வருஷ ஒப்பந்தத்தோடு வாங்கியது லேக்கர்ஸ். அடுத்த கோடையில் அந்த அணியால் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 11.8 கோடி டாலர் தர முடியும், ஹூஸ்டனால் நான்கு வருஷத்துக்குச் சுமார் 8.8 கோடிதான் முடியும். "தங்கிவிடு" என்று ஊரில் விளம்பரப் பலகைகூட வைத்துப் பார்த்தார்கள். ஹோவர்ட் ஹூஸ்டனுக்குத்தான் போனார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பள்ளம் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2018-19 பருவத்தில் பிலடெல்பியா 76ers ஒப்பந்தம் முடியப்போகும் இருவரை வாங்கியது. முதலில் ஜிம்மி பட்லர், பிறகு டோபையாஸ் ஹாரிஸ். ஹாரிஸுக்காக டிராஃப்ட் தேர்வுகளை அள்ளிக் கொடுத்தார்கள். கோடையில் பட்லர் மயாமிக்குப் போனார். இப்போது ஹாரிஸும் போய்விட்டால் கொடுத்ததெல்லாம் வீண். இது ஹாரிஸின் முகவருக்கும் தெரியும். ஐந்து வருஷம், 18 கோடி டாலர் என்று கையெழுத்தானது. நல்ல வீரர்தான். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு உரிய நட்சத்திரமாக அவர் ஒருபோதும் ஆகவில்லை. வாங்குவதற்கு அதிகம் கொடுத்த அணி, தக்கவைக்கும் பேச்சில் பலம் இழக்கிறது. குறுகிய ஒப்பந்தம் இப்படித்தான் சத்தமில்லாமல் நீண்ட ஒப்பந்தமாக மாறுகிறது.

ஒரே ஆள், இரண்டு விலை

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வீரரைப் பார்த்தால் போதும் என்றால், நான் பால் ஜார்ஜைத்தான் சொல்வேன்.

2017இல் அவர் இந்தியானா பேசர்ஸில் இருந்தார். ஒப்பந்தத்தில் உறுதியாக ஒரு வருஷம் மீதம். அது முடிந்ததும் போய்விடுவேன், லேக்கர்ஸுக்குப் போகத்தான் விருப்பம் என்பதை முன்கூட்டியே தெரியப்படுத்திவிட்டார். இப்படிச் சொன்ன பிறகு விற்பவரின் கை இறங்கிவிடுகிறது. ஒரு வருஷத்துக்கு மேல் இருக்க மாட்டார் என்று தெரிந்தவருக்கு யார் அள்ளிக் கொடுப்பார்கள்? ஓக்லஹோமா சிட்டி தண்டர் இரண்டு வீரர்களைக் கொடுத்து ஜார்ஜை வாங்கியது: விக்டர் ஓலடிப்போ, டோமன்டாஸ் சபோனிஸ். ஒரு டிராஃப்ட் தேர்வுகூட இல்லை. இந்தியானாவைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

2018 கோடையில் ஜார்ஜ் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். லேக்கர்ஸைச் சந்திக்கக்கூட இல்லாமல், ஓக்லஹோமாவிலேயே நான்கு வருஷத்துக்கு, சுமார் 13.7 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஒரு வருஷம் வைத்திருந்து மனதை மாற்றலாம் என்ற தண்டரின் கணக்கு பலித்தது. அடுத்த பருவம் அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த பருவம். லீக்கின் மதிப்புமிக்க வீரருக்கான வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார்.

2019 ஜூலையில் மறுபடியும் வெளியேறக் கேட்டார். நான்கு வருஷக் கையெழுத்து போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் இந்த முறை விலை வேறு. கிளிப்பர்ஸ் கொடுத்தது இது: இளம் வீரர் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர், அனுபவசாலி டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், போதாக்குறைக்கு இரண்டு இடமாற்ற உரிமைகள். இடமாற்ற உரிமை என்றால், அந்த ஆண்டில் இரு அணிகளில் யாருடைய இடம் நல்லதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா வித்தியாசத்துக்கும் ஒப்பந்தத்தின் நீளமே காரணம் என்று சொன்னால் பொய். ஜார்ஜ் வந்தால்தான் கவாய் லெனர்டும் வருவார் என்ற நிலையில் கிளிப்பர்ஸ் இருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பதால் விலை ஏறியது. ஜார்ஜின் ஆட்டமும் 2017ஐ விட மேலே இருந்தது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஒப்பந்தத்தில் வருஷங்கள் மீதமிருந்ததால் தண்டருக்கு அவசரம் இல்லை. "சரியான விலை வராவிட்டால் கொடுக்க மாட்டோம்" என்று சொல்ல முடிந்தது. 2017இல் இந்தியானாவால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நீண்ட ஒப்பந்தம் பத்திரம் என்று சொல்பவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். நான்கு வருஷம் எழுதியதால் ஜார்ஜ் நான்கு வருஷம் தங்கிவிடவில்லை. நீண்ட ஒப்பந்தம் ஆளைக் காப்பாற்றாது, ஆளுடைய விற்பனை விலையைக் காப்பாற்றும். பிந்தைய கதையைப் பாருங்கள். கில்ஜஸ்-அலெக்சாண்டர் 2024-25இல் லீக்கின் மதிப்புமிக்க வீரரானார். கிளிப்பர்ஸிடமிருந்து வந்த தேர்வுகளில் ஒன்றில்தான், 2022இல், ஜேலன் வில்லியம்ஸ் கிடைத்தார். இருவரும் சேர்ந்து 2025இல் தண்டருக்குக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜோ 2024இல் கிளிப்பர்ஸுடனான ஒப்பந்தத்தின் கடைசி வருஷத்தைத் தானே விட்டுவிட்டு, சுதந்திர வீரராகப் பிலடெல்பியாவுக்குப் போனார். அப்போது கிளிப்பர்ஸுக்குக் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

அந்த 2025 இறுதிச்சுற்றில் தண்டரை எதிர்த்து ஆடியது யார் தெரியுமா? அதே இந்தியானா பேசர்ஸ். எல்லோரும் சிரித்த ட்ரேடில் கிடைத்த சபோனிஸை அவர்கள் 2022 பிப்ரவரியில் சாக்ரமென்டோவுக்குக் கொடுத்து டைரீஸ் ஹாலிபர்டனை வாங்கியிருந்தார்கள். 2024 ஜனவரியில் டொராண்டோவிடமிருந்து பாஸ்கல் சியாகமை வாங்கினார்கள். அப்போது சியாகமின் ஒப்பந்தம் ஆறே மாதத்தில் முடிவதாக இருந்தது. அதற்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளா என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர் அந்தக் கோடையிலேயே நான்கு வருஷத்துக்கு, சுமார் 18.9 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். 2025 கிழக்குப் பிரிவு இறுதியின் சிறந்த வீரரும் அவர்தான். இந்தியானா ஏழாவது ஆட்டம் வரை போய்த்தான் தோற்றது.

லேக்கர்ஸ் போன்ற பெரிய ஊர் அணிகளின் சம்பள வரம்பில் இடமிருந்தால் நட்சத்திரங்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். பேசர்ஸின் ஊரான இண்டியானாபொலிஸ் போன்ற இடத்துக்கு அப்படி வருவது அபூர்வம். சுதந்திர வீரர்களுக்காக ஜூலையில் காத்திருந்து பயனில்லாத அணிக்கு, ஆளைக் கொஞ்ச நாள் கூட வைத்திருந்து ஊரையும் அணியையும் பழக்கப்படுத்தி, பேர்ட் உரிமையோடு பேசுவதே நடைமுறை வழி. சியாகம் ட்ரேடைக் கேலி செய்தவர்கள் ஊரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

சுருக்கமாக: மீதமுள்ள ஆண்டுகள் குறைந்தால் விற்பவருக்கு அவசரம், விலை இறங்கும். ஆண்டுகள் கூடினால் விற்பவருக்குப் பொறுமை, விலை ஏறும். ஆனால் ஏறுவது நல்ல ஒப்பந்தமாக இருந்தால் மட்டும்தான்.

எப்போது நீளம் சுமையாகிறது?

நல்ல ஒப்பந்தம் எது? வாங்கும் சம்பளத்தை விட வீரர் அதிகம் விளைவித்தால் நல்லது, குறைவாக விளைவித்தால் கெட்டது. என்பிஏயில் ஒரு வினோதம் உண்டு. தனிமனிதச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருப்பதால், லீக்கின் முதல் நான்கைந்து வீரர்கள் எவ்வளவு வாங்கினாலும் அவர்கள் மதிப்புக்குக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். அவர்களுடைய ஒப்பந்தம் எவ்வளவு நீளமோ அவ்வளவு லாபம். சிக்கல் அடுத்த வரிசையில்தான் தொடங்குகிறது. முதல் ஐந்தில் ஒருவர் வாங்கும் அதே உச்சச் சம்பளத்தை இருபத்தைந்தாவது இடத்தில் இருப்பவரும் கேட்கிறார். கொடுக்காவிட்டால் வேறு அணி கொடுக்கும். அந்தச் சம்பளம் ஆண்டுதோறும் ஏறும், அவருக்கு வயதும் ஏறும்.

இதற்கு ஜான் வால் என்ற வீரரைப் பார்க்கலாம். வாஷிங்டனில் அவருடைய பெரிய நான்கு வருஷ ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்குள் குதிகால் காயம், பிறகு குதிகால் தசைநாண் கிழிவு. 2020 டிசம்பரில் அவரைக் கொடுத்து ஹூஸ்டனிடமிருந்து ரஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கினார்கள். வெஸ்ட்புரூக்குக்கும் அதே அளவு கனமான ஒப்பந்தம். ஒருவர் தலைச்சுமையை இன்னொருவர் தலைச்சுமையோடு மாற்றிக்கொண்ட கதை. ஹூஸ்டன் 2021-22 முழுக்க வாலை ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல், 4.4 கோடி டாலர் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தது.

பிராட்லி பீல் கதை இன்னும் கசப்பானது. 2022இல் வாஷிங்டன் அவருக்கு ஐந்து வருஷம், 25.1 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. கூடவே, தன் சம்மதமில்லாமல் தன்னை ட்ரேட் செய்யக் கூடாது என்ற உரிமையையும் கொடுத்தது. என்பிஏயில் இதைப் பெற்றவர்கள் மிகச் சிலரே. அடுத்த வருஷமே அவர் ஃபீனிக்ஸுக்கு ட்ரேட் ஆனார். ஒப்பந்தம் அப்படியே கைமாறும் என்று முன்பு பார்த்தோம் இல்லையா? அந்த உரிமையும் ஃபீனிக்ஸுக்கே வந்து சேர்ந்தது. இரண்டு வருஷத்தில் அணி தடுமாற, பீலை வேறு எங்கும் அனுப்ப வழியில்லாமல் போயிற்று. 2025 ஜூலையில் மீதமுள்ள தொகையில் பெரும்பகுதியை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருவதாகச் சொல்லி ஃபீனிக்ஸ் அவரை விடுவித்தது. அவர் கிளிப்பர்ஸில் சேர்ந்துவிட்டார். ஃபீனிக்ஸின் சம்பளப் பட்டியலில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் அவர் பெயரில் நின்றுகொண்டிருக்கும். பேருந்து நிலையம் மாறிப்போன தெருவில் வாடகை கட்டுவது என்றால் இதுதான்.

ஆளுக்காக இல்லாமல் கெடுவுக்காக வாங்குவது

ட்ரேட் பேச்சில் "முடியப்போகும் ஒப்பந்தம்" என்ற சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் இருக்கிறது, அது நட்சத்திரங்களைப் பற்றியதே இல்லை. வரம்பைத் தாண்டிய இரண்டு அணிகள் ட்ரேட் செய்தால், போகும் சம்பளமும் வரும் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அதனால் பெரிய நட்சத்திரத்தை விற்கும் அணி, பெரிய சம்பளம் வாங்கும் யாரையாவது பதிலுக்கு எடுத்தாக வேண்டும். அவருடைய ஒப்பந்தம் சீக்கிரம் முடிந்துவிட்டால் நல்லது. 2008 பிப்ரவரியில் மெம்பிஸ் தன் நட்சத்திரம் பாவ் கசோலை லேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது வந்தவர்களில் ஒருவர் க்வாமி பிரவுன். அவர் ஆட்டத்துக்காக யாரும் அவரைக் கேட்கவில்லை. கோடையில் அந்தத் தொகை கணக்கிலிருந்து மறையும் என்பதே அவருடைய மதிப்பு. லேக்கர்ஸ் 2009இலும் 2010இலும் கோப்பை வென்றது. மெம்பிஸுக்குக் கிடைத்தவற்றில் பாவின் தம்பி மார்க் கசோலுக்கான உரிமையும் இருந்தது என்பதை மட்டும் அந்த ட்ரேடைக் கிண்டல் செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் அவர் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். 2019இல் லெனர்டோடு டொராண்டோவில் கோப்பையையும் தூக்கினார்.

இன்னொரு சின்னக் குழப்பம், வீரரின் விருப்ப ஆண்டு. ஒப்பந்தத்தின் கடைசி வருஷத்தை வைத்துக்கொள்வதா, விட்டுவிட்டுச் சுதந்திர வீரராவதா என்று வீரரே முடிவு செய்யும் ஏற்பாடு இது. நன்றாக ஆடுபவர் அதிகச் சம்பளம் தேடிப் பெரும்பாலும் வெளியேறுவார், காயம் பட்டவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். ஆகவே செய்தியில் "இரண்டு வருஷம் மீதம், இரண்டாவது விருப்ப ஆண்டு" என்று வந்தால் நட்சத்திரத்தைப் பொறுத்தவரை ஒரு வருஷம் என்றே வைத்துக்கொள்ளலாம். லெனர்டுக்கும் 2017இன் ஜார்ஜுக்கும் அப்படித்தான் இருந்தது.

2023க்குப் பிறகு கணக்கு ஏன் மாறியது?

முன்பெல்லாம் வரம்பை வெகுவாகத் தாண்டினால் அபராதம் பெரும்பாலும் பணமாகத்தான் இருந்தது. பணக்கார உரிமையாளர் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவார். 2023இல் லீக்கும் வீரர்கள் சங்கமும் செய்த புதிய உடன்பாடு, சம்பள வரம்புக்கு மேலே ஏற்கனவே இருந்த ஒரு கோட்டை இறுக்கி, அதற்கும் மேலே இரண்டாவது கோடு ஒன்றைப் போட்டது. அந்த இரண்டாவது கோடு 2025-26இல் சுமார் 20.8 கோடி டாலர். அதைத் தாண்டும் அணியின் கைகளையே கட்டிப்போடுகிறார்கள். இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய நட்சத்திரத்தை வாங்க முடியாது. ஏழு வருஷத்துக்குப் பின் வரும் முதல் சுற்றுத் தேர்வை ட்ரேடில் கொடுக்க முடியாமல் முடக்கிவிடுவார்கள். பணத்தால் தீராத தண்டனை இது.

இதன் விளைவு நேராக ஒப்பந்த நீளத்தில் விழுந்தது. கெட்ட நீண்ட ஒப்பந்தம் ஒன்று முன்பு உரிமையாளரின் பையைத்தான் அரித்தது. இப்போது அணியைச் சரிசெய்யும் வழிகளையே அடைக்கிறது.

பாஸ்டனும் ஜ்ரூ ஹாலிடேயும் இதற்கு முழு உதாரணம். 2023 அக்டோபரில் பாஸ்டன் அவரைப் போர்ட்லாண்டிடமிருந்து வாங்கியபோது அவருடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடியக் கூடியது, மீதி விருப்ப ஆண்டுதான். ஒப்பந்தம் முடியும் வரை காத்திருக்காமல், 2024 ஏப்ரலிலேயே நான்கு வருஷ நீட்டிப்பு கொடுத்தார்கள். ஜூனில் கோப்பை வந்தது. 2025 மே மாதம் நியூயார்க்குக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் பாஸ்டனின் நட்சத்திரம் ஜேசன் டேட்டமின் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த பருவத்தில் கோப்பைக்கான வாய்ப்பு மங்கியது, சம்பளப் பட்டியலோ இரண்டாவது கோட்டுக்கு எங்கோ மேலே. அந்தக் கோடையில் ஹாலிடே மறுபடியும் போர்ட்லாண்டுக்கே போனார். பதிலுக்கு வந்தவர் அன்ஃபர்னி சைமன்ஸ், ஒரே வருஷம் மீதமுள்ள ஒப்பந்தத்தோடு.

போர்ட்லாண்டுக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்கலாம். சைமன்ஸை அவர்கள் வைத்திருந்தால் அடுத்த கோடையில் அவருக்கு ஒரு பெரிய புது ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கும், அல்லது சும்மா விட வேண்டியிருக்கும். அந்த முடிவுக்குப் பதிலாக, இளம் அணிக்குத் தடுப்பாட்டம் சொல்லித்தர ஓர் அனுபவசாலியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹாலிடேக்கு அப்போது வயது 35. ஒப்பந்தத்தில் மூன்று வருஷமும் சுமார் 10.4 கோடி டாலரும் மீதமிருந்தன.